அறுபத்துநான்கு கொக்கிகள்

மரணத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, அதைத் தமிழில் அலறிச் சொல்வதற்காகத் திரும்பி வந்தவர்கள் இவ்வுலகில் மூன்றே பேர். அந்த மூவரும் வியாழக்கிழமைகளில் மாலை ஆறரைக்கு மேல்தான் கிடைப்பார்கள். அதற்கு முன்னால் ஒருவருக்குப் பல் மருத்துவமனை, ஒருவருக்கு பேக்கரி, ஒருவருக்கு லிஃப்ட்.

'பிணமுரசு' என்பது அவர்களுடைய ஹெவி மெட்டல் குழுவின் பெயர். இருபத்தாறு வருஷமாகப் பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் சுற்றுவட்டாரத்தில் ஊழிக்காலம் வந்துவிட்டது என்று அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள். அதிகபட்சமாக நூற்று நாற்பது பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். அந்த நூற்று நாற்பதில் ஒரு கல்யாணக் கூட்டமும் அடக்கம். மண்டபம் மாறி வந்துவிட்டவர்கள், சாப்பாடு இருக்குமோ என்று உட்கார்ந்திருந்தார்கள்.

லிஃப்ட் ஆளின் பெயர் எபனேசர். வயது நாற்பத்தொன்பது. மேடையில் கங்குல்வேந்தன். குரலும் பேஸ் கிட்டாரும் அவர் பொறுப்பு. பகலில் மாநகரத்துக் கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பார். சோதனை லிஃப்டில் தனியாகத்தான் ஏற வேண்டும், தனியாகத்தான் இறங்க வேண்டும். கூட ஆள் இருந்தால் எடைக் கணக்கு தப்பிவிடும் என்பது விதி. ஒரு நாளைக்கு இருபது லிஃப்ட். இருபதும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். பதினாறாவது மாடிக்கு மேல் சில லிஃப்டுகள் "சாப்பிட்டீர்களா?" என்றும் கேட்கும்.

அவர் வீட்டில் அதைக் கேட்க யாருமில்லை. திருமணம் ஆகாமலே அந்தப் பேச்சு ஓய்ந்துபோன வயது. நகரத்திலும் மனிதரை மனிதர் தொட வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. முடிவெட்டக் காற்றுக்கத்தி. நாடி பார்க்கச் சுவரில் ஒரு கண். சட்டைக்கு அளவெடுக்கக் கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றினால் போதும். குழுவில் கிட்டார் வாசிக்கும் குமரகுருவின் பல் மருத்துவமனையில்கூடப் பிடுங்குவது இயந்திரம்தான். "வலிக்காது" என்று பொய் சொல்வதற்கு மட்டும் மனிதர் தேவைப்பட்டது, அதற்காகக் குமரகுரு இருந்தார்.

அதனால் எபனேசரின் மேல் வேறொரு மனிதரின் கை படுவது கச்சேரிக்கு முன்னால் ஒரு நாற்பது நிமிஷம், கச்சேரிக்குப் பின்னால் ஓர் இருபது நிமிஷம். கச்சேரி இல்லாத வாரங்களில் வியாழக்கிழமை 'உடை ஒத்திகை'. உலகத்தில் எந்தக் குழுவும் வாரம் தவறாமல் உடை ஒத்திகை வைத்துக்கொள்வதில்லை. அது எபனேசர் போட்ட சட்டம்.

உடை என்பது ஒரு கவசம். கறுப்பு ரெக்சினில் அலுமினியத் தகடுகள் பதித்தது. பெரம்பூரில் ஆட்டோ சீட்டுக்கு உறை தைக்கும் ஒருவரிடம் எபனேசரே சொல்லித் தைத்து வாங்கியது. முதுகில் மேலிருந்து கீழாக இரண்டு வரிசையில் அறுபத்துநான்கு கொக்கிகள். போட்டுக்கொண்டவர் தானாக மாட்டிக்கொள்ள முடியாது.

அந்த வியாழக்கிழமையும் தஸ்தகீரின் பேக்கரி மாடியில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் வாசிப்பவர் தஸ்தகீர். மற்ற இருவருக்கும் பாய். கீழே வர்க்கி வேகும் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. எபனேசர் முக்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் தஸ்தகீர் கொக்கி மாட்டினார், முன்னால் குமரகுரு சுண்ணாம்பு வெள்ளையும் மையும் குழைத்து அவர் முகத்தில் மண்டை ஓடு வரைந்தார்.

"வாயத் தொற," என்றார் குமரகுரு.

"உதட்டுக்குத்தானேடா பூசற, எதுக்குத் தொறக்கணும்?"

"பழக்கதோஷம். மூடு."

"இருபத்தொம்போது," என்றார் தஸ்தகீர் முதுகுப் பக்கமிருந்து. "எபா, நீ ஊதிட்ட. போன மாசம் இந்தக் கொக்கி தானா போச்சு. இப்ப கெஞ்சணும். முப்பது. என் பொண்ணு டிரைவிங் டெஸ்ட்ல மறுபடி ஃபெயிலு, தெரியுமா? வண்டி தானா ஓடுது. சும்மா உக்காந்திருக்கத்தான் டெஸ்ட்டு. அதுல ஃபெயிலு. முப்பத்தொண்ணு. இதத் தச்சவன் மட்டும் கையில கெடைச்சான்..."

கொக்கி ஏறும் நேரத்தில் எபனேசர் பேசவே மாட்டார். கண்ணை மூடி, இடது கையை விலாவோடு ஒட்டி இறுக்கி, போருக்கு முந்தின தளபதி மாதிரி உட்கார்ந்திருப்பார். மேடையிலும் அந்த இடது கை அப்படியே இருக்கும். பிணமுரசின் ரசிகர்கள், அதாவது வில்லிவாக்கத்தில் ஒரு பதினைந்து பேர், அதைக் 'கங்குல்வேந்தன் நிலை' என்று அழைத்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தால் இடது கையை விலாவில் இறுக்கிக்கொள்வார்கள்.

அறுபத்துநான்கு முடிந்ததும் தஸ்தகீர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகு எபனேசர் எழுந்து நரகத்தைப் பற்றிப் பாடுவார்.

அன்றைக்குத் தட்டிவிட்டு தஸ்தகீர் ஒரு கடிதத்தை நீட்டினார். மெய்விழாவிலிருந்து வந்திருந்தது.

மெய்விழா என்றால் அந்தக் காலத்தில் சின்னக் காரியம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மெய்கடத்தி வந்திருந்தது. பாடுபவரின் காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டினால் போதும். அவர் அந்த நொடியில் என்ன உணர்கிறாரோ அது, கேட்பவர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை வழியாக அப்படியே அவர்களுக்குள் இறங்கிவிடும். காரணம் தெரியாது, உணர்ச்சி மட்டும் வரும். அது எத்தனை ஆழம் என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று மேடைத் திரையில் ஓர் எண் காட்டும். அதற்குப் பெயர் மெய்யளவு.

வந்த முதல் வருஷத்திலேயே பெரிய பெரிய தலைகள் உருண்டன. காதல் பாடல்களால் இரண்டு தலைமுறையை உருக வைத்த ஒரு பாடகர் கண்மூடிப் பாடியபோது ஒன்பதாயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் வலது முட்டி வலித்தது. பக்திப் பாடல் பாடிய அம்மையாரிடமிருந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு புடவையின் மேல் தாங்க முடியாத பொறாமை வந்தது. அதற்குப் பிறகு வேடம் என்பதே கெட்ட வார்த்தையாகிவிட்டது. ஒப்பனை போட்டால் பொய்யன். விளக்கு போட்டால் பொய்யன். வெறும் மேடை, ஒரு ஸ்டூல், இஸ்திரி போடாத பருத்திச் சட்டை. இஸ்திரி போடாததுபோல் துவைத்துத் தர தனியாகக் கடைகள் திறந்தார்கள்.

"மெய்விழால நம்மளா?" என்றார் குமரகுரு. "எத்தனை பேரு வருவாங்க?"

"பதினோராயிரம். பழைய ஆளுங்க, விடாம வாசிக்கிறாங்க, அதனாலன்னு போட்டிருக்கான். ஒரே கண்டிஷன். மெய்கடத்தி ஒட்டணும், மேடையில வேஷம் கூடாது."

எபனேசர் எழுந்து நின்றார். தகடுகள் சலசலத்தன.

"வேஷம் இல்ல இது. இதுதான் நம்ம உண்மை. இதக் கழட்டிட்டா நாம யாரு?"

"நான் பேக்கரி," என்றார் தஸ்தகீர். "இவன் பல்லு. நீ லிஃப்டு."

"கங்குல்வேந்தன் கவசமில்லாம மக்கள் முன்னாடி நின்னதில்ல."

"மக்கள் எங்கடா நின்னாங்க? டேய், எனக்கு அம்பத்திரெண்டு வயசு. தோள்பட்டை தூக்க முடியல. அறுவத்துநாலு கொக்கி போட்டு, ரெண்டு மணி நேரம் அடிச்சு, மறுபடி அறுவத்துநாலு கழட்டறேன். எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, சட்டையப் போட்டுட்டுப் போய் வாசிச்சுப் பாப்போமே."

"நல்லா இருந்துச்சுன்னா?"

"நல்லா இருந்துச்சுன்னா அப்பறம் எதுக்குக் கவசம்?"

எபனேசர் அதற்குத்தான் பயந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது கவசத்தை வழக்கம்போல் தன் பையிலேயே எடுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் அதை வேறு யார் வீட்டிலும் ஓர் இரவுகூட அவர் விட்டுவைத்ததில்லை. குழுவின் மரபு என்று சொல்லிக்கொள்வார். வீட்டு லிஃப்ட், "இன்று உங்கள் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது எபனேசர், வாழ்த்துக்கள்," என்றது.

மெய்விழா தீவுத்திடலில் நடந்தது. பிற்பகல் நாலு மணிக்கே பதினோராயிரம் பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு முழ இடைவெளி விட்டு நாற்காலி. பக்கத்து ஆளின் பட்டையிலிருந்து உணர்ச்சி ஒழுகிவிடக் கூடாது என்று அந்த ஏற்பாடு.

மூவரும் பருத்திச் சட்டையில் வந்தார்கள். எபனேசர் கையில் மட்டும் பெரிய பை.

விழா அமைப்பாளர் செண்பகவல்லி பையைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது. யாரோடு பேசினாலும் அந்த ஆளின் காதுக்குப் பின்புறத்தைப் பார்த்தே பேசுகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

"சார், மேடையில வேஷம் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

"மேடையில போடலம்மா. இங்க ரூம்ல போட்டுட்டு, இங்கயே கழட்டிட்டு வந்துடறேன்."

"எதுக்கு சார்?"

"ராசி," என்றார் கங்குல்வேந்தன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு, அவர் காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டிவிட்டுப் போனாள். அரைமணி நேரம் முன்னாலேயே ஒட்டினால்தான் தோலோடு படியுமாம். வில்லையை ஒட்டும்போது அவள் விரல் அவர் மேல் படவில்லை. அதற்கு ஓர் இடுக்கி வைத்திருந்தாள்.

கதவு சாத்தியதும் தஸ்தகீர் தலையில் கை வைத்தார்.

"போட்டுக் கழட்டவா? நூத்தி இருவத்தெட்டு ஆச்சுடா."

"கடைசித் தடவ பாய்."

அந்தக் குரலில் எதையோ கேட்டு தஸ்தகீர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "திரும்பு," என்றார்.

எபனேசர் கண்ணை மூடினார். டீயின் சூடு இன்னும் ஆறாத விரல்கள் இடுப்பில் முதல் கொக்கியைத் தேடின. ஒன்று. குமரகுரு முகவாயைப் பிடித்துத் தூக்கி நெற்றியில் வெள்ளையை இழுத்தார். "அசையாத." இரண்டு. பாயின் பெண் ஐந்தாவது தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாளாம். மூன்று. இதுதான் கடைசி என்று எபனேசருக்குத் தெரியும். ஒவ்வொரு கொக்கியையும் தனித்தனியாக அனுபவித்தார். முப்பத்தொன்றாவதில் வழக்கம்போல் சிக்கியது. தஸ்தகீரின் கட்டைவிரல் நகம் மடங்கியது. "இதத் தச்சவன் கெடச்சான்..." என்று ஆரம்பித்தவர், கடைசித் தடவை என்பதாலோ என்னவோ, "போறான் விடு," என்று முடித்தார். எபனேசர் இடது கையை விலாவோடு இறுக்கினார்.

அறுபத்துநான்கு. முதுகில் ஒரு தட்டு.

அப்போதுதான் வெளியே சத்தமே இல்லை என்பதை மூவரும் கவனித்தார்கள். பதினோராயிரம் பேர் இருக்கும் திடலில் ஒரு இருமல்கூட இல்லை. செண்பகவல்லி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"லைன் ஓப்பன்ல இருந்துச்சு சார்," என்றாள். "டெஸ்ட் பண்ணவன் சுவிட்சை அணைக்கல. நாப்பது நிமிஷமா எல்லாம் வெளிய போயிட்டிருக்கு." பிறகு தன் முதுகைத் தொட முயன்று, கை எட்டாமல் விட்டாள். "தொண்ணூத்தேழு வந்திருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் எண்பதைத் தாண்டினதில்ல."

வெளியே பெரிய பெரிய மனிதர்கள் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. யாரோ தங்கள் பின்னால் நின்று, தங்களுக்காகச் சிரமப்பட்டு, சலித்துக்கொண்டே, ஆனால் விட்டுவிட்டுப் போகாமல் எதையோ செய்து முடித்தது போலிருந்தது. அவ்வளவுதான். சிலருக்கு அது நினைவு தெரிந்து முதல் தடவை.

பிறகு கவசத்தைக் கழற்றி, முகத்தைக் கழுவி, பருத்திச் சட்டையோடு பிணமுரசு மேடையேறியது. எபனேசர் நரகத்தின் ஏழு வாசல்களையும் தொண்டை கிழியத் திறந்துவிட்டார். மெய்யளவு ஆறு காட்டியது. நரகத்தைப் பற்றி அவருக்கு உண்மையில் பெரிதாக எந்தக் கருத்தும் இல்லை.

மூன்றாவது பாட்டில் கூட்டம் ஒரே குரலில் கேட்க ஆரம்பித்தது. முதலில் அவருக்கு அது சபாஷ் என்று தோன்றியது. செண்பகவல்லி வழியாக விஷயம் கசிந்திருந்தது. அவர்கள் கேட்டது, "கொக்கி, கொக்கி."

அடுத்த நான்கு மாதம் பிணமுரசு ஊர் ஊராகப் போனது. திருச்சி, கோவை, கொழும்பு, கோலாலம்பூர். வாத்தியங்களை ஏற்றிச் செல்வது வீண் சுமை என்று மூன்றாவது ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள். வெறும் மேடை, ஒரு முக்காலி. எபனேசர் உட்காருவார், தஸ்தகீர் கொக்கி மாட்டுவார், குமரகுரு வரைவார், திரை விழும். பத்திரிகைகள் இதை 'வேடத்தின் வழியாக வேடமின்மை' என்று எழுதின. அவர்களுக்கு வேறு வழியில்லை. வேடத்தைத் திட்டி ஐந்து வருஷம் எழுதியாகிவிட்டது.

ஆனால் எண் இறங்கிக்கொண்டே வந்தது. திருச்சியில் எண்பத்தெட்டு. கொழும்பில் அறுபத்தொன்று. மேடையில் தஸ்தகீர் பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை; அவர் பேச்சு கவனத்தைக் கலைக்கிறது என்று செண்பகவல்லி நிறுத்தச் சொல்லிவிட்டாள். முப்பத்தொன்றாவது கொக்கியை எண்ணெய் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். அது சிக்கவே இல்லை. எபனேசருக்கு முதுகில் விரல்கள் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் எட்டாயிரம் மணிக்கட்டுகளும் தெரிந்தன.

கோலாலம்பூரில் தஸ்தகீரின் தோள் பூட்டிக்கொண்டது.

"என்னால முடியல எபா," என்றார், கையை மார்போடு பிடித்துக்கொண்டு. "இது என்னடா பொழப்பு, மேளமும் இல்ல, பேச்சும் இல்ல. சும்மா ஆளுக்கு ஊக்கு மாட்டி விட்டுக்கிட்டு."

"கொக்கி," என்றார் எபனேசர்.

"எதுவோ. நான் ஊருக்குப் போறேன்."

குமரகுருவும் கூடவே போனார். இருவருக்கும் பதிலாக செண்பகவல்லி பத்துவிரலி என்ற ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்தாள். தஸ்தகீரின் உள்ளங்கைச் சூடும் அழுத்தமும் தசமப்புள்ளி வரைக்கும் அதில் ஏற்றப்பட்டிருந்தன. அறுபத்துநான்கையும் இரண்டு நிமிஷத்தில் மாட்டி முடித்து, முதுகில் ஒரு தட்டும் தட்டியது. மெய்யளவு நான்கு. ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

கவசத்தை மெய்விழா நிறுவனம் தன் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. பெட்டியின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது மட்டுமே எபனேசர் வைத்த நிபந்தனை. கலைஞர்களின் விசித்திரங்களை மதிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

நின்றுபோகாதது முதல் நாள் பதிவு மட்டும்தான். தீவுத்திடலின் அந்த நாற்பது நிமிஷத்தை நிறுவனம் வெளியிட்டது. பன்னிரண்டு லட்சம் வீடுகளில் மக்கள் பட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். கணவன் ஓர் அறையில், மனைவி ஓர் அறையில். ஆளுக்கு ஒரு பட்டை. ஒருவர் முதுகை ஒருவர் மறைக்கக் கூடாது.

விமர்சகர்களை மிகவும் அலைக்கழித்தது அதில் இருபதாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு கணம். அந்த நிம்மதிக்கு நடுவே, இடது அக்குளுக்குக் கீழே, சுருக்கென்று ஒரு குற்றவுணர்வு. ஊசிமுனை அளவுதான். பிறகு மறைந்துவிடும். 'அன்பைப் பெறும் தகுதி தனக்கில்லை என்று மனித குலம் உணரும் இடம்' என்று ஒருவர் எழுதினார். 'இடது விலாத் துயரம்' என்ற தலைப்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. சில வீடுகளில் அந்த இடம் வரும்போது குழந்தைகளுக்குப் பட்டையைக் கழற்றிவிடச் சொல்வார்கள்.

எபனேசரும் ஒரு பதிவு வாங்கினார். வியாழக்கிழமை மாலைகள் காலியாகிவிட்டிருந்தன. பேக்கரி மாடியில் தஸ்தகீர் மாவு மூட்டை அடுக்கிவிட்டிருந்தார். எபனேசர் வேலை முடிந்து வந்து, ஆறரைக்குச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொள்வார். டீயின் சூடுள்ள விரல்கள் வரும். ஒன்று, இரண்டு, மூன்று. தன்னுடைய பழைய சந்தோஷம் தனக்குள்ளேயே இறங்கும், பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பாத்திரம் போல. கடைசித் தட்டு விழுந்ததும் அனிச்சையாக எழுந்து நிற்பார். பாடுவதற்கு எதுவும் இருக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விளக்கைப் போடுவார்.

ஒரு வியாழக்கிழமை, பட்டையைக் கட்டப்போகும் நேரத்தில் தஸ்தகீர் கூப்பிட்டார்.

"எபா, தோள் பரவால்ல. நானும் அந்தப் பதிவப் போட்டுப் பாத்தேன். பொண்ணு வாங்கிட்டு வந்தா."

எபனேசர் பட்டையை மடியில் வைத்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லடா."

"என்னத்த?"

"அதான். இவ்ளோ... சரி விடு. நேர்ல எப்படிப் பேசறது இதையெல்லாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வர்க்கி எடுத்து வச்சிருக்கேன். மாடியில மூட்டைய நகத்திட்டா மூணு பேரு உக்காரலாம். குமரகுருவும் வரேன்றான். வரியா?"

"கவசம் பெட்டிக்குள்ள இருக்கு பாய்."

"கவசம் எதுக்கு? சும்மா வா."

சும்மா ஒருவர் வீட்டுக்குப் போவது எப்படி என்று எபனேசர் யோசித்தார். எங்கே உட்காருவது, முதுகை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது, தட்டு விழாமல் எப்போது எழுந்திருப்பது.

"பாக்கறேன்," என்றார்.

"பாரு." தஸ்தகீர் வைத்துவிடவில்லை. "ஒண்ணு கேக்கணும். முப்பத்தொண்ணாவது கொக்கிக்கிட்ட, இடது பக்கம் என்னவோ சுருக்குன்னுச்சே, அது என்னாது? ஊரே பேசுது. ஆனா அந்தக் கவசத்த நான் இருவத்தாறு வருஷமாப் போட்டு விட்டிருக்கேன். எடது விலாப் பக்கம் கொக்கியே கெடையாதேடா."

எபனேசரின் இடது கை தானாக விலாவோடு ஒட்டிக்கொண்டது.

"அது ஒண்ணுமில்ல பாய்," என்றார். "கலை."

முதுகுக் கொக்கிகள் அறுபத்துநான்கும் அழகுக்காக வைத்தவை. கவசத்தின் இடது அக்குளுக்குக் கீழே ஒரு ஜிப் இருந்தது.